மாமா சொன்ன பொய்யும் மரத்தில் இருந்த டிராகனும்

“மாமா, நீங்க சொன்னது பொய். கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க.”

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகள் தொலைபேசியில் சொன்னது இது. வழக்கமாக அரை மணி நேரம் கதை பேசுபவள், அன்று இந்த இரண்டே வாக்கியத்தோடு தொலைபேசியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மதுரைக்குப் போயிருந்தோம். மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், தூணோடு தூணாகப் பாய்ந்து நிற்கும் யாளிகளுக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். சிங்கத்தின் உடம்பு, யானையின் தும்பிக்கை, பிதுங்கிய கண்கள். “மாமா, இது உண்மையிலேயே இருந்துச்சா?” என்று கேட்டாள்.

வானொலியில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு நொடி அமைதியைக்கூட எங்களால் தாங்க முடியாது. கேள்வி வந்தால் பதில் போய்விட வேண்டும். அதற்குச் சில நாள்கள் முன்புதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு’ என்று ஒரு காணொளி வந்திருந்தது. நான் அதைப் பாதிதான் பார்த்தேன். “இருந்துச்சு, ரொம்ப காலத்துக்கு முன்னாடி. டைனோசர் மாதிரி அழிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டு, படம் எடுக்க அவளைத் தூணருகே நிற்கச் சொன்னேன்.

அவள் அந்தப் படத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய், நான் சொன்னதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். டைனோசர்களைப் பற்றிக் கரைத்துக் குடித்த ஒரு பையன், “எலும்பு எங்கே?” என்று கேட்டிருக்கிறான். இவளிடம் பதில் இல்லை.

என்னிடமும் இல்லை. “உனக்கு ஒரு சனிக்கிழமை தர்றேன், நாமளே போய்க் கண்டுபிடிப்போம்” என்றேன். அக்கா மட்டும் தனியாக அழைத்து எச்சரித்தாள். “கோயில்ல இருக்குறதெல்லாம் பொய்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துடாதே.”

இந்த இரண்டு கட்டளைகளையும் சுமந்துகொண்டு கிளம்பினோம்.

கோபுரத்தின் கீழே

முதலில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய, சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில். 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம். சைனாடவுனில் சுற்றுப்பயணிகள் அண்ணாந்து படம் எடுக்கும் அந்தக் கோபுரத்தை நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். ஆறு நிலைகளிலும் தெய்வங்கள், காவலர்கள், கற்பனை விலங்குகள். கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்திருந்தவள், யாளியை ஒரு கடைச் சீட்டைப்போலப் பிரித்து எழுதினாள்: சிங்கம் – உடம்பு, கால், நகம். யானை – தும்பிக்கை, தந்தம்.

கோயிலுக்கு வெளியே ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, முந்தைய வாரம் முழுக்கப் படித்துத் தேறியதை அவளிடம் சொல்லத் தொடங்கினேன்.

யானைக்குத் தும்பிக்கை சும்மா வரவில்லை. அதன் தலை பாரமானது, கழுத்து குட்டையானது, கால்கள் உயரமானவை. குனிந்து தண்ணீர் குடிக்க முடியாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக நீண்டு வந்ததால்தான் அந்த உடம்பு பிழைத்தது. தும்பிக்கைக்குள் ஓர் எலும்புகூடக் கிடையாது, முழுக்கத் தசை. தந்தம் என்பதும் தனி உறுப்பல்ல. மேல்தாடையின் வெட்டுப்பல் வளர்ந்து வெளியே வந்தது.

சிங்கத்திற்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் வாய் தரையைத் தொடும், இரையையும் தொடும். பாய்ந்து கவ்வும் விலங்குக்கு வாயின் முன்னால் ஒரு நீண்ட மூக்கு தொங்கினால், மானின் முதல் உதை மூக்கில்தான் விழும். சிரித்தாள். ஆனால் விடவில்லை.

“சிங்கமும் புலியும் சேர்ந்தா லைகர் வருதுல்ல? அப்போ சிங்கமும் யானையும்?”

நல்ல கேள்வி. சிங்கமும் புலியும் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். அதனால் மனிதர்கள் ஒரே இடத்தில் அடைத்து வளர்க்கும்போது லைகர் பிறக்கிறது. யானையின் வழியும் சிங்கத்தின் வழியும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. யானைக்கு இன்று நெருங்கிய உறவு சிங்கமல்ல, நம் ஜோகூர் நீரிணைப் பக்கம் கடற்புல் மேயும் கடற்பசு. இராமேசுவரம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைப்பது அதைத்தான்.

ஐந்து தலை நாகத்தைப் பற்றியும் கேட்டாள். இரண்டு தலைப் பாம்புகள் எப்போதாவது பிறப்பதுண்டு. ஆனால் ஒரு தலை இடப்பக்கம் போகச் சொல்லும், மற்றது வலப்பக்கம். ஒரே இரைக்கு இரண்டும் சண்டை போடும். காட்டில் அவை அதிக நாள் பிழைப்பது அரிது. அப்படிப் பிறப்பது ஒரு வளர்ச்சிப் பிழை, பரம்பரையாக நீடிக்கும் இனமல்ல.

“எலும்பு எங்கே?” என்ற அந்தப் பையனின் கேள்விக்கும் வந்தோம். இமயமலை அடிவாரத்தின் சிவாலிக் குன்றுகளில் பழங்கால யானை இனங்களின் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒன்றுக்குக் கணேசரின் பெயரையே வைத்தார்கள்: ஸ்டெகோடான் கணேசா. ஒட்டகச்சிவிங்கியின் உறவான, பெரிய கொம்புகள் கொண்ட இன்னொன்றுக்குச் சிவனின் பெயர்: சிவதேரியம். இத்தனை பெரிய விலங்குகளின் எலும்பைப் பத்திரமாக வைத்திருந்த மண், யாளியின் ஒரு பல்லைக்கூடத் தரவில்லை. சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் ஆளி வருவதைத்தான் காணொளிக்காரர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அது சிங்கம்தான் என்று கொள்வோரும் உண்டு. பாட்டில் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் எலும்பு வந்துவிடாது.

மீன் அறிஞர் வரைந்த சிங்கம்

அங்கிருந்து நடந்தே மெர்லயன் பூங்காவுக்குப் போனோம். வெயிலுக்குக் குடையும், வழியில் ஒரு கரும்புச் சாறும் தேவைப்பட்டன.

யாளிக்குச் சிற்பியின் பெயர் தெரியாது. மெர்லயனுக்குத் தெரியும். 1964ல் சுற்றுப்பயணத் துறையின் சின்னமாக அதை வடிவமைத்தவர் அலெக் ஃபிரேசர்-புருன்னர். அவர் மீன்களை ஆராய்ந்த விலங்கியலாளர், இங்கிருந்த வான் கிளீஃப் மீன் காட்சிசாலையின் பொறுப்பாளர். 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையுமுள்ள சிலையைச் செய்தவர் லிம் நாங் செங். 1972 செப்டம்பர் 15ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். 2002ல் அதை இப்போதுள்ள இடத்திற்கு நகர்த்தினார்கள். மீன்களை நன்றாக அறிந்த ஒருவர், எந்தக் கடலிலும் நீந்த முடியாத மீனை மனமறிந்து வரைந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு விலங்கைப் பார்த்தேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“ஏன் நீந்த முடியாது?”

மீன் வாலை இடமும் வலமும் அசைக்கும். தரையில் ஓடிய பாலூட்டிகளின் முதுகெலும்பு மேலும் கீழும் வளையும். சிறுத்தை ஓடுவதைப் பார்த்தால் தெரியும். அதனால் பாலூட்டி ஒன்று கடலுக்குத் திரும்பினால், அதன் வால் துடுப்பு திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலப் படுக்கையாகத்தான் வரும். செதிலும் கிடைக்காது. மீனிடமிருந்து கடன் வாங்க வழியில்லை. தன் குடும்பத்தில் உள்ளதைத்தான் நீட்டி, மடக்கிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கடலுக்குப் போன சிங்கத்தின் உறவினர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். கடற்சிங்கமும் கடல்நாயும் சிங்கம், கரடி எல்லாம் சேர்ந்த அதே ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தவை. கால்களே துடுப்பாகிவிட்டன. “அப்போ மெர்லயன் இருக்கு, ஆனா மீசையோட பந்து விளையாடும்” என்று முடிவுக்கு வந்தாள். குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தாள்.

எலும்புகளின் வீடு

ராஃபிள்ஸ் பிளேசில் பெருவிரைவு ரயில் ஏறி, புவன விஸ்தாவில் மாறி, கெண்ட் ரிட்ஜில் இறங்கினோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், பாசி படர்ந்த பாறைபோல நிற்கும் கட்டடம்தான் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015ல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இன்னும் போகவில்லை என்றால், ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

நடுக்கூடத்தில் மூன்று டைனோசர்கள்: பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டி எடுத்தவை, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழைமை. பிரின்ஸ் 27 மீட்டர் நீளம். பெரும்பகுதி உண்மையான எலும்பு. அவள் கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, “அப்போ கும்பகர்ணன் இருந்திருக்கலாம்தானே?” என்றாள்.

இதற்கு 1638லேயே கலிலியோ பதில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதனைப் பத்து மடங்கு உயரமாக்கினால், அகலமும் கனமும் பத்துப் பத்து மடங்கு கூடும். எடை ஆயிரம் மடங்காகும். எலும்பின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, அது நூறு மடங்குதான் கூடும். கும்பகர்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றாலே தொடையெலும்பு முறிந்துவிடும். பிரின்ஸ் பிழைத்தது, மனிதனைப் பெரிதாக்கிய உருவமாக இல்லாததால். தூண்போன்ற நான்கு கால்கள், காற்றறைகள் நிறைந்த இலேசான கழுத்தெலும்புகள், மெல்லாமல் விழுங்குவதால் சிறியதாகவே இருந்துவிட்ட தலை. பெரிதாவதற்கு உடம்பு முழுவதையுமே மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்து திமிங்கிலம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் எண்ணெய்த் திமிங்கிலம் இது. நாட்டின் பொன்விழா ஆண்டில் கிடைத்ததால் ‘ஜூபி லீ’ என்று பெயர். அதன் வயிற்றில் கணவாய்களின் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. அந்தத் துடுப்பை அவளிடம் காட்டினேன். அதற்குள் கை இருக்கிறது: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாகிஸ்தான் பகுதியில் நீரோரமாக நான்கு காலில் நடந்த பாகிசீட்டஸ் போன்ற விலங்குகளின் வழியில் வந்தது திமிங்கிலம். இன்றைய விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு நீர்யானை. தன் கையை அந்த எலும்புகளுக்கு நேரே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் ஒன்றுமே பேசாமல் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு ஒரு விளையாட்டு. முதுகெலும்புள்ள எந்த விலங்கையும் எடுத்துக்கொள், கை கால்களை எண்ணு. தவளை நான்கு. பறவை, இறக்கையோடு நான்கு. வௌவால் நான்கு. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரோரங்களில் வாழ்ந்த டிக்டாலிக் போன்ற மீன்களுக்கு முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி என வலுவான துடுப்புகள் இருந்தன. அந்தக் குடும்பத்தின் சொத்து நான்குதான், அதற்குமேல் யாருக்கும் பங்கு கிடைக்கவில்லை. படங்களில் வரும் டிராகனுக்கோ நான்கு காலும் இரண்டு இறக்கையுமாக ஆறு. “இறக்கை வேணும்னா கையைக் கொடுத்துடணும்” என்றேன். பறவை கொடுத்தது, வௌவால் கொடுத்தது, 10 மீட்டர் விரிந்த இறக்கையோடு பறந்த கெட்சல்கோட்லஸ் தன் நான்காம் விரலையே இறக்கைக் கம்பாக்கியது. நெருப்புக் கக்குவதற்கு ஓரளவு நெருங்கி வருவது ஒரு வண்டுதான். வயிற்றில் இரண்டு இரசாயனங்களைக் கலந்து, கொதிநீர்ச் சூட்டில் எதிரிமேல் பீய்ச்சும். ஆனால், நான்கு காலும் இறக்கையும் சேர்ந்த டிராகனுக்கு வாய்ப்பே இல்லை.

நான் இதை உறுதியாகச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு வழிகாட்டித் தொண்டூழியர் புன்னகைத்தார். வயதான சீன அம்மையார். “பூமலைக்குப் போய் மரங்களைப் பாருங்கள். தண்டைப் பாருங்கள், கிளையை அல்ல” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

மரத்தண்டில்

கெண்ட் ரிட்ஜிலிருந்து அதே வட்டப் பாதையில் ஐந்தாவது நிறுத்தம் பூமலை. மாலை நான்கரை. புல்வெளியில் குடும்பங்கள் பாய் விரித்திருந்தன. நாங்கள் இருவரும் ஒவ்வொரு மரத்தின் தண்டையும் வெறித்துப் பார்த்து நிற்பதைச் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. எனக்கு வானொலிப் பழக்கம் தலைதூக்கியது. ஏதாவது சொல்லி இந்த இடைவெளியை நிரப்பிவிடலாமா என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள்தான் முதலில் பார்த்தாள். மரப்பட்டையின் ஒரு துண்டு அசைந்தது. கையளவு நீளம், பாதி வால். தாடைக்குக் கீழே மஞ்சளாக ஒரு மடிப்பு, சின்னக் கொடிபோல நீண்டு மடங்கியது. எறும்பு வரிசை ஒன்றின் ஓரமாக நின்று, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு படி ஏறியது. பிறகு தண்டைவிட்டுத் தாவியது. விழும் என்று நினைத்தோம். இரு பக்கமும் விசிறிபோல விரிந்து, எங்கள் தலைக்கு மேலாகச் சறுக்கி, அடுத்த மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விசிறி மடங்கியது. மறுபடியும் மரப்பட்டை.

பறக்கும் ஓணான். மலாயில் சிச்சாக் குபின். நம் பூங்காக்களில் அரிதான விலங்கே அல்ல. 1758ல் லின்னேயஸ் இதன் பேரினத்துக்கு வைத்த பெயர்: டிராகோ. டிராகன்தான்.

“மாமா, நாலு காலும் இருக்கு.”

இருந்தது. இறக்கைக்காக அது கையைக் கொடுக்கவில்லை. அங்கேயே கைப்பேசியில் தேடிப் படித்தோம். இதன் விலா எலும்புகளில் சில, மார்பைச் சுற்றி வளையாமல் பக்கவாட்டில் நீண்டு வளர்கின்றன. அவற்றுக்கிடையே தோல். வேண்டும்போது குடையைப்போல விரிக்கும், பிறகு மடக்கும். சிறகடித்துப் பறக்காது, சறுக்கும். பெண், முட்டையிடத்தான் பெரும்பாலும் தரைக்கு வரும். ஆறாவது கால் ஐந்தாவது கால் எதையும் புதிதாக ஒட்டிக்கொள்ளாமல், எல்லாருக்கும் இருக்கும் விலா எலும்பையே இறக்கையாக்கிக்கொண்டது இந்த உயிர்.

“மறுபடியும் தப்பா சொல்லிட்டீங்க” என்றாள். இந்த முறை கோபமாக இல்லை.

“ஆமா. எனக்குத் தெரியாம இருந்துச்சு. மதுரையிலயும் எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கணும்.”

ரயிலில் திரும்பும்போது அக்காவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. “அப்போ கோயில்ல இருக்குற யாளி பொய்யா?” என்று அவளே கேட்டுவிட்டாள். இல்லை என்றேன். சிற்பிக்குச் சிங்கத்தின் வலுவும் யானையின் வலுவும் ஒரே காவலனிடம் வேண்டியிருந்தது. இயற்கையால் ஒட்டவைக்க முடியாததை அவர் கல்லில் ஒட்டவைத்தார். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள், வெளியே எடுக்க முடியாமல் உருளும் கல் உருண்டையைக்கூட அதே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கைத்திறன் உண்மை. அதைக் காட்டில் திரிந்த விலங்கு என்று சொன்னது காணொளி. அதை நம்பி உன்னிடம் சொன்னது நான்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் கைப்பேசியை வாங்கி அன்று எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதினாறு படங்கள். எல்லாவற்றிலும் மரப்பட்டை மட்டும்தான் தெரிந்தது.

“மாமா, இதுல ஒண்ணுமே தெரியல. திங்கட்கிழமை சொன்னா மறுபடியும் சிரிப்பாங்க.”

“அந்தப் பையன் எலும்பு எங்கேன்னுதானே கேட்டான்?”

“ஆமா.”

“அவனையும் கூட்டிக்கிட்டு வா. மரத்தைக் காட்டலாம்.”

குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பூமலை, தண்டு, கிளை அல்ல, நாலரை மணி என்று எழுதிக்கொண்டாள்.